குரங்கு மூஞ்சிப் பூவும் 249 ரூபாய் கீரைக் கூட்டும்

நேத்து ராத்திரி சாப்பிட்டு முடிச்சு ஃபோனை எடுத்தா, குடும்ப குரூப்ல சித்தப்பா மறுபடியும் அந்த வீடியோவை அனுப்பியிருக்காரு.

அதேதான். பின்னணியில புல்லாங்குழல். நடுவுல குரங்கு மூஞ்சி மாதிரி ஒரு பூ. கீழ மஞ்சக் கலர் எழுத்துல, இமயமலையில 20 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்குற அதிசய வானரப் பூவாம். 11 பேருக்கு அனுப்பினா ஆஞ்சநேயர் அருள் கிடைக்குமாம்.

சித்தப்பா அனுப்புற மத்த எதையும் நான் கண்டுக்க மாட்டேன். வெந்தயத் தண்ணி, சிறுநீரகக் கல்லு, நாசா கண்டுபிடிச்ச ஓம் சத்தம், எல்லாத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டுக் கடந்துருவேன். ஆனா இந்த வானரப் பூ விஷயத்துல மட்டும் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கு.

(249 ரூபாய்க் காயம். டெலிவரி சார்ஜ் 60 தனி.)

ரெண்டு வருஷம் முன்னாடி இதே வீடியோவைப் பாத்து நான் ஆன்லைன்ல விதை வாங்கினேன். ஆமா, சிரிச்சுக்கங்க. வீட்டுல எல்லாரும் சிரிச்சு முடிச்சுட்டாங்க, நீங்க மட்டும் பாக்கி.

எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன். பேரு சொன்னாலும் பிரயோஜனம் இல்ல, அடுத்த வாரம் வேற பேர்ல வருவாங்க. "குரங்கு முக ஆர்கிட், அரிய வகை, 20 விதைகள்." நீலக் குரங்கு, பச்சைக் குரங்கு, ரோஸ் குரங்குன்னு வரிசையாப் படம். அந்த நீலக் குரங்கைப் பாத்தப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். தட்டல. நாலரை ஸ்டார் இருந்துச்சு சார், நான் என்ன பண்ண?

பாக்கெட் வந்துச்சு. உள்ள குட்டி ஜிப் கவர்ல கருப்பா, பளபளன்னு, கடுகுல கால்வாசி சைஸ்ல 20 விதை. எண்ணிப் பாத்தேன். 20 சரியா இருந்துச்சு. (நாணயமான திருடங்க.)

நான் இருக்கிறது மதுரை. சித்திரை மாசம். மொட்டை மாடியில செருப்பில்லாம நின்னா கால் தோசையாயிரும். பூவோ குளிரான மழைக்காட்டுச் செடின்னு போட்டிருக்கு. சரி, மூளை எதுக்கு இருக்கு? பக்கத்து மெடிக்கல் ஷாப்ல ஒரு தெர்மாகோல் பெட்டி கேட்டு வாங்கினேன். உள்ள தேங்கா நாரு, கரித்துண்டு. ரெண்டு பக்கமும் ஃப்ரீசர்ல வச்ச தண்ணி பாட்டில். காலையில ஒரு ஜோடி, சாயங்காலம் ஒரு ஜோடின்னு மாத்துவேன். வீட்டுல இஸ்திரி போடுறப்ப துணிக்குத் தண்ணி அடிக்கிற ஸ்ப்ரேயைத் தூக்கிட்டுப் போய் மணிக்கொரு தடவை புகை மாதிரி அடிப்பேன்.

"என்னங்க, பச்சப்புள்ளைய இன்குபேட்டர்ல வச்ச மாதிரி பாக்குறீங்க?" அப்படின்னா வீட்டம்மா. நம்ம ரெண்டு புள்ளைங்களுக்கு நான் இவ்வளவு பண்ணலங்கிறது அதுக்குள்ள இருக்குற அர்த்தம்.

நாலாம் நாள் முளைச்சிருச்சு!

20-க்கு 17. நான் குதிச்ச குதியில கீழ் வீட்டுக்காரர் மேல வந்துட்டாரு. ஒவ்வொண்ணும் ரெண்டு குட்டி இலை, தண்டு லேசா செவப்பு. அழகுன்னா அழகு. அம்மாவைக் கையைப் பிடிச்சு மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் தூக்கி நெத்தியில வச்சு, குனிஞ்சு பாத்து, நிமிந்து என் மூஞ்சியைப் பாத்துச்சு.

"ஏன்டா, முளைக்கீரைக்கு எதுக்குடா ஐஸ் பாட்டிலு?"

...

(கொஞ்சம் மௌனம் தேவைப்படுது. மன்னிக்கணும்.)

மூணு வாரம் கழிச்சு அதைப் பறிச்சுப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வச்சாங்க. அரைக் கிண்ணம் வந்துச்சு. கீரைக்காரம்மாகிட்ட ஒரு கட்டு 15 ரூபா. நான் 309 ரூபா கூட்டு தின்னவன். ருசி பரவாயில்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஏமாந்த கடுப்புல, அந்தப் பூன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா, இல்ல அதுவும் கம்ப்யூட்டர் வேலையான்னு தோண்ட ஆரம்பிச்சேன். இருக்குங்க. நிஜமாவே இருக்கு. சித்தப்பா வீடியோவை விட அதோட உண்மைக் கதை பெருசா இருக்கு. அதான் இந்தப் பதிவு.

பேரு டிராகுலா சிமியா. சிமியான்னா லத்தீன்ல குரங்கு. டிராகுலான்னதும் பல்லு நீளமா வச்ச கோட்டு சூட்டு ஆளு ஞாபகம் வரும். இங்க அர்த்தம் குட்டி டிராகன். பூவோட மூணு மூலையில இருந்தும் நீளமா வால் தொங்கும், அதைப் பாத்து வச்ச பேரு. ஆனா வச்சவருக்குக் குசும்பும் இருந்திருக்கு. இதே குடும்பத்துல கருப்புக் கோடு போட்ட இன்னொரு பூவுக்கு டிராகுலா வாம்பைரான்னு பேரு.

வச்சவர் கார்லைல் லூயர். அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல சர்ஜன். கத்தி பிடிச்ச டாக்டர். அந்த வேலையை விட்டுட்டு முழுநேரமா ஆர்கிட் பின்னாடி போய்ட்டாரு. (நம்ம வீட்டுல ஒருத்தன் சர்ஜன் வேலையை விட்டுட்டுப் பூப் பொறுக்கப் போறேன்னு சொல்லிப் பாக்கட்டும். குலதெய்வம் கோயிலுக்கே கூட்டிட்டுப் போயிருவாங்க.) லூயர் வர்றதுக்கு முன்னாடி இந்தச் செடிகளையெல்லாம் மாஸ்டிவேலியாங்கிற இன்னொரு கூட்டத்துல போட்டு வச்சிருந்தாங்க. 1978-ல லூயர்தான் இதுங்க தனி ஜாதின்னு பிரிச்சு டிராகுலான்னு பேரு வச்சாரு. நம்ம குரங்கையும் அதே வருஷம்தான் உலகத்துக்கு அறிமுகப்படுத்தினாரு. இன்னைக்கு டிராகுலாவுல நூறு வகைக்கு மேல இருக்கு. பெரும்பாலும் கொலம்பியாவும் ஈக்வடாரும்.

குரங்கோட சொந்த ஊரு ஈக்வடாரோட தென்கிழக்குப் பக்கம், ஆண்டிஸ் மலைச்சரிவு. ஆயிரம் மீட்டருக்கு மேல, மேகம் வந்து காட்டுக்குள்ளயே உக்காந்துக்குற இடம். அங்க மழை பெய்யலன்னாலும் இலையில இருந்து தண்ணி சொட்டும். இமயமலைக்கும் அதுக்கும் நடுவுல பாதி பூமி இருக்கு, சித்தப்பா.

20 வருஷக் கதையும் பொய்யி. அதுக்கு சீசனே கிடையாது. வருஷத்துல எப்ப வேணா பூக்கும். ஒரே காம்புல ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு வந்துக்கிட்டே இருக்கும். நம்ம வீட்டுச் செம்பருத்தி மாதிரி சாதாரணமான ஆளு, அது இருக்குற இடத்துல.

சரி, விதை. இங்கதான் நான் எவ்வளவு பெரிய முட்டாள்னு முழுசாப் புரிஞ்சுச்சு. என் மச்சினன் வாழை திசு வளர்ப்பு லேப்ல வேலை பாக்குறான். அவன்கிட்ட சொன்னேன். அவன் அஞ்சு நிமிஷம் ஃபோன்லயே சிரிச்சான்.

"மாமா, ஆர்கிட் விதையை எண்ணிப் பாத்தேன்னு சொன்னீங்களே, அங்கயே கேஸ் முடிஞ்சிருச்சு."

ஆர்கிட் விதையை எண்ண முடியாதாம். அது தூசி. ஒரு காயை உடைச்சா முகப் பவுடர் மாதிரி பறக்கும். ஒரே காய்ல லட்சக்கணக்குல இருக்குற வகையெல்லாம் உண்டு. வெனிலா ஐஸ்கிரீம்ல, நல்ல ஐஸ்கிரீமா இருந்தா, கருப்பா பொடிப்பொடியா தெரியும்ல? அது ஆர்கிட் விதைதான். வெனிலாவும் ஒரு ஆர்கிட். (இத்தனை வருஷம் நான் பேன் மாதிரி இருக்கேன்னு ஒதுக்கி வச்சுத் தின்னிருக்கேன்.)

அவ்வளவு பொடியா இருக்கக் காரணம், உள்ள ஒண்ணுமே கிடையாது. நெல்லுக்குள்ள அரிசி இருக்கு, அவரைக்குள்ள பருப்பு இருக்கு. முளைக்குற குழந்தைக்கு அம்மா கட்டிக் குடுத்த சோத்து மூட்டை அது. ஆர்கிட் அம்மா அந்த மூட்டையைக் கட்டுறதே இல்ல. லட்சம் பிள்ளையைப் பெத்து, வெறும் வயித்தோட காத்துல ஊதி விட்டுரும். போய் விழுற மரப்பட்டையில சரியான பூஞ்சை இருந்தா, அந்தப் பூஞ்சை உள்ள நுழைஞ்சு சாப்பாடு ஊட்டும், விதை பொழைக்கும். இல்லன்னா அவ்வளவுதான். இந்தப் பூஞ்சை சங்கதியை 1899-ல நோயல் பெர்னார்னு ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்சாரு. அப்புறம் 1922-ல அமெரிக்காவுல லூயிஸ் நட்சன், பூஞ்சையே வேணாம், சர்க்கரை கலந்த அகார் கூழ்ல போட்டாலே முளைக்கும்னு காட்டினாரு. மச்சினன் லேப்ல கண்ணாடி பாட்டில்ல வாழைக் கன்னு வளருதே, கிட்டத்தட்ட அதே மாதிரி கூழ்தான். அதுவும் சும்மா இல்ல, ஒரு கிருமி போகாம, கையுறை போட்டு, விளக்கு வச்சு. அப்பவும் பூ பாக்க வருஷக்கணக்கா ஆகும்.

அதனால, மக்களே, யாராவது ஆர்கிட் விதையை 20, 50, 100-னு எண்ணிக் குடுத்தா, பருப்பு எடுத்து வேக வச்சுக்கங்க.

ரெண்டாவது தடயம் அந்த ரெண்டு குட்டி இலை. விதையிலை. ஆர்கிட் முளைக்கிறப்ப இலையே வராது, முதல்ல பச்சையா ஒரு சின்ன உருண்டைதான் வரும். நான் பன்னெண்டாவதுல பாட்டனி படிச்சவன். தாவரவியல்ல 200-க்கு 171. சொல்லவே வெக்கமா இருக்கு.

அந்தப் பாட்டனியில எனக்கு ஞாபகம் இருக்கிற ஒரே ஆர்கிட் வாண்டா. "தொற்றுத் தாவரத்திற்கு எடுத்துக்காட்டு தருக." வாண்டா. ரெண்டு மார்க். வெலாமன் திசு காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். இன்னொரு மார்க். வாண்டா எப்படி இருக்கும், எங்க இருக்கும்னு வாத்தியாரும் காட்டல, நாங்களும் கேக்கல.

கீரை விவகாரம் முடிஞ்சு ரோஷத்துல நான் நர்சரியில ஒரு நிஜ ஆர்கிட் வாங்கினேன். டெண்ட்ரோபியம், சூடு தாங்குற கலப்பின வகை, 350 ரூபா. கொண்டாந்து நல்ல செம்மண்ணு, மாட்டுச் சாணி உரம் எல்லாம் போட்டு ராஜமரியாதையா நட்டேன். ஒரு மாசத்துல வேர் அழுகி போய்ச் சேந்துருச்சு. அப்பதான் அந்த ரெண்டு மார்க் கேள்வி என் மண்டையில ஏறுச்சு. அதோட வேர் மரத்து மேல காத்துல கிடக்கப் பிறந்தது. அதைக் கொண்டு போய் மண்ணுல புதைச்சா, உயிரோட சமாதி கட்டுன மாதிரி. அடுத்த செடியை வெறும் கரித்துண்டு, ஓட்டுச் சில்லு போட்ட தொட்டியில கட்டித் தொங்கவிட்டேன். இன்னைக்கு வரைக்கும் இருக்கு. போன கார்த்திகையில ஒரு கொத்துப் பூத்துச்சு.

அம்மாவுக்கு அதுமேல சந்தேகம் தீரல. "மரத்துமேல வளருதுங்கிற. அப்ப புல்லுருவி தானடா? மாமரத்துக்கிட்ட தொங்கவிடாத, மரத்தை உறிஞ்சிரும்."

இல்லம்மா. புல்லுருவி மரத்துக்குள்ள வேரை விட்டு உறிஞ்சுறது. இது சும்மா தோள்ல உக்காந்திருக்கிற புள்ள. சாப்பாடு, தண்ணி எல்லாம் தானே பாத்துக்கும். மழைத்தண்ணி, பனி, மரப்பட்டையில சேந்த மக்கு. குரங்குப் பூவும் அப்படித்தான். கெட்டியான பாசி படிஞ்ச கிளையில உக்காந்துக்கும். நம்ம டெண்ட்ரோபியம், கொஞ்ச நாள் மழை இல்லன்னா குடிக்க, தண்டுல தண்ணியைச் சேத்து வச்சுக்கும். டிராகுலாவுக்கு அந்தத் தண்ணித் தொட்டி கிடையாது. மேகத்துக்குள்ளயே வாழுறவனுக்கு எதுக்குத் தொட்டி? அதனாலதான் காத்துல ஈரம் குறைஞ்சா உடனே வாடிப்போகும். ராத்திரி நல்லா குளிரணும், பகல்ல 25 டிகிரி தாண்டக் கூடாது, காத்து ஓட்டமும் வேணும். வெளிநாட்டுல வளக்குறவங்க கண்ணாடிக் கூண்டு, ஏசி, புகைமூட்ட மெஷின்னு குடும்பமே நடத்துறாங்க. நான் தெர்மாகோல் பெட்டியோட போனேன்.

இன்னொரு வேடிக்கை. பூக்காம்பு மேல வராது. கீழ்ப்பக்கமா, செடிக்கு அடியில பொத்துக்கிட்டு இறங்கும். சாதாரணத் தொட்டியில வச்சா பூ உள்ளயே முட்டி அழுகிரும். அடியில ஓட்டை ஓட்டையா இருக்குற கூடையிலதான் தொங்கவிடணும். பூ தலையைக் கவுத்துக்கிட்டுத் தொங்கும். படத்துல நம்மளை நேருக்கு நேர் பாக்குதே குரங்கு, அது பெரும்பாலும் யாரோ பூவைப் பிடிச்சு நிமித்திக் காட்டினது.

அப்ப அந்த மூஞ்சி யாருக்கு?

இங்க நான் கொஞ்சம் நின்னு பேசணும். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

பூவை உடைச்சுப் பாருங்க. (மனசுக்குள்ள.) முகம் மாதிரி பெருசா முடியோட இருக்கே, அது மூணு புல்லி இதழ் ஒட்டிக்கிட்ட கிண்ணம். அதோட முனைங்கதான் வால். கண்ணு ரெண்டும் குட்டியாச் சுருங்கிப்போன அல்லி இதழ். மூக்கு, மகரந்தமும் சூல்முடியும் ஒண்ணாச் சேந்த தூணு. குரங்கோட வாயும் தாடியும் இருக்கே, அதுதான் உதடு. ஆர்கிட் பூவுல விசேஷமா அமைஞ்ச ஒரு இதழுக்கு அப்படிப் பேரு. இந்த டிராகுலாக்களோட உதட்டை உத்துப் பாத்தா, நடுவுல இருந்து ஓரத்துக்கு வரி வரியா மடிப்பு ஓடும். எங்கயோ பாத்த மாதிரி இருக்கா? காளானைத் திருப்பிப் போட்டா குடைக்கு அடியில இருக்குமே, அந்த மடிப்பு.

பல டிராகுலாக்களுக்கு வாசனையும் காளான் வாசனைதான். (நம்ம குரங்குக்கு மட்டும் பழுத்த ஆரஞ்சு வாசனைன்னு வளக்குறவங்க சொல்றாங்க. நான் மோந்து பாத்ததில்ல. என் பங்குக்கு வந்தது பாசிப்பருப்பு வாசனை.)

அந்தக் காட்டுல சைகோத்ரிகான்னு ஒரு குட்டி ஈ. வாழைப்பழம் பழுத்தா வீட்டைச் சுத்துமே பழ ஈ, அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். இதுங்களுக்குக் காளான்தான் ஊர்ச் சாவடி. அங்கதான் கூடும், திங்கும், ஜோடி தேடும். டிராகுலா என்ன பண்ணுது? காளான் மாதிரி ஒரு உதட்டைத் தயார் பண்ணி, காளான் வாசனையைத் தடவி, தரைக்குப் பக்கத்துல தொங்கவிட்டுட்டு உக்காந்திருக்கு. ஈ வருது. பூவுக்குள்ளயே சுத்துது, காதல் பண்ணுது, சிலது ராத்திரி அங்கயே தங்கிருது. உதட்டுக்கும் அந்த மூக்குத் தூணுக்கும் நடுவுல நுழைஞ்சு பின்னாடி வர்றப்ப முதுகுல மகரந்தப் பொட்டலம் ஒட்டிக்கும். அப்புறம் அடுத்த போலிக் காளானுக்குப் போய் அதை இறக்கி வைக்கும். கூரியர் பையன் வேலை, சம்பளம் கிடையாது.

படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். படத்தைப் பாத்து, நாலரை ஸ்டார் வாசனையை நம்பி, ஆசையாப் போய் நுழைஞ்ச ஈ யாருன்னு எனக்குத் தெரியும். நிஜ ஈக்காவது ராத்திரி தங்க இடம் கிடைச்சுச்சு.

இதெல்லாம் சும்மா யூகிச்சுச் சொன்னதில்ல. ஈக்வடாரோட வடமேற்குல லாஸ் செட்ரோஸ்னு ஒரு காடு. அங்க குரங்கோட பங்காளி டிராகுலா லாஃப்ளூரி இருக்கு. அமெரிக்காவுல ஒரேகான் பல்கலைக்கழகத்துல பிட்டி ராய், டோபியாஸ் பொலிச்சா இவங்க சேந்து ஒரு வேலை பண்ணாங்க. 3டி பிரிண்டர் வச்சு அச்சு செஞ்சு, அதுல வாசனையே இல்லாத சிலிக்கோனை ஊத்தி, அச்சு அசலா பொம்மைப் பூ செஞ்சாங்க. அப்புறம் நிஜ உதடு பொம்மைக் கிண்ணம், பொம்மை உதடு நிஜக் கிண்ணம்னு மாத்தி மாத்தி ஒட்டிக் காட்டுல தொங்கவிட்டு, எதுக்கு எத்தனை ஈ வருதுன்னு எண்ணினாங்க. (போலிக் காளானுக்கே போலி. அந்த ஈயோட நிலைமையை நினைச்சுப் பாருங்க.) ஈயை இழுக்குறதுல உதட்டு வாசனைக்குத்தான் பெரிய பங்கு, கிண்ணத்தோட நிறமும் புள்ளியும் கூடச் சேந்து வேலை செய்யுதுன்னு 2016-ல எழுதினாங்க.

குரங்குங்கிற பேச்சே அதுல கிடையாது. ஈக்குக் குரங்கு தெரியாது. அது காளானைப் பாக்குது. தோசையில பிள்ளையார், மேகத்துல பெருமாள், சுவத்துக் கறையில தாத்தான்னு பாக்குற நமக்குத்தான் ரெண்டு புள்ளி, நடுவுல ஒரு கோடு இருந்தா மூஞ்சி.

லாஸ் செட்ரோஸைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அந்தக் காட்டுல தங்கமும் செம்பும் தோண்ட அனுமதி குடுத்திருந்தாங்க. ஈக்வடார் 2008-லயே அரசியல் சாசனத்துல இயற்கைக்கும் உரிமை உண்டுன்னு எழுதின நாடு. மனுஷனுக்கு இருக்குற மாதிரி, காட்டுக்கும் ஆத்துக்கும். 2021-ல அவங்க அரசியல் சாசன நீதிமன்றம், இந்த அனுமதி காட்டோட உரிமைக்கு விரோதம்னு தீர்ப்பு சொல்லி நிறுத்திருச்சு. காடே ஜெயிச்ச கேஸ். இதைத்தான் சித்தப்பா 11 பேருக்கு அனுப்பணும். அனுப்ப மாட்டாரு. புல்லாங்குழல் இல்லல்ல.

"கொடைக்கானல்ல உங்க ஃப்ரெண்டு வீடு இருக்கே, அங்க வச்சுப் பாக்கலாமே"ன்னு வீட்டம்மா கேட்டா. நல்ல கேள்விதான். குளிரு ஒத்து வரும். ஆனா ஆர்கிட் குடும்பம் மொத்தமும் சர்வதேச வணிக ஒப்பந்தக் கட்டுப்பாட்டுல இருக்கு. முறைப்படி லேப்ல வளத்த செடியை, பேப்பர் எல்லாம் போட்டு வரவழைக்கணும். அவ்வளவும் பண்ணி, சித்திரையில ஒரு வாரம் ஃப்ரெண்டு மறந்து போய் ஊருக்கு வந்துட்டா, என் காசு போறது இருக்கட்டும், ஆண்டிஸ் மலைச் செடி ஒண்ணு அங்க செத்துக் கிடக்கும். எனக்கு மனசு வரல. தொங்குற டெண்ட்ரோபியம் போதும்.

கடைசியா, அந்தக் கடை என்னாச்சுன்னு கேப்பீங்க.

சாட்ல போய்க் கேட்டேன். "சார், இது கீரை." பதில் வந்துச்சு: "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் சார். 3 மாசம் வெயிட் பண்ணுங்க, முகம் வரும்."

முகம் வருமாம்!

கடுப்புல ஒரு ஸ்டார் குடுத்து, நடந்ததை அப்படியே எழுதி, ஆதாரத்துக்குக் கூட்டுக் கிண்ணத்தைப் படம் எடுத்துப் போட்டேன். மறுநாளே என் விமர்சனத்தைத் தூக்கிட்டாங்க. காரணமும் அனுப்பியிருந்தாங்க: "படம் பொருளுக்குத் தொடர்பில்லாதது."